பிடிக்கிற கை

இந்த இதழுக்குத் தருவதாக நான் ஒப்புக்கொண்டிருந்தது வேறொரு கட்டுரை. அண்மைக் காலக் கவிதைகளில் படிமம் என்ன ஆயிற்று என்பது பற்றியது. மூன்று மாதமாக அது இரண்டாம் பக்கத்தைத் தாண்ட மறுக்கிறது. அதற்குப் பதிலாக, ஐஸ் ஹொக்கி கோல்கீப்பர் ஒருத்திக்குப் பாட்ஸும் கிளவுஸும் வாங்கப் போன கதையை எழுதுகிறேன். ஆசிரியர் சிரிக்கலாம். ஆனால் அந்தக் கட்டுரை ஏன் நின்றுபோனது என்பது எனக்கு விளங்கியது அந்தக் கடையில்தான். யாரோ ஒரு பிள்ளையின் வியர்வை காய்ந்த பழைய கிளவுஸுக்குள் என் கையை விட்டபோதுதான்.

கோல்கீப்பர் என் அக்காவின் மகள். பன்னிரண்டு வயது. ஸ்காபரோவில் அக்கா வீட்டு பேஸ்மென்றில் குடியிருப்பவன் என்ற முறையிலும், விடிய ஐந்து மணிக்கு எழுப்பினால் கோபப்படாத தாய்மாமன் என்ற முறையிலும், அவளைப் பயிற்சிக்குக் கொண்டுபோவது என் பொறுப்பாகிவிட்டது. இரண்டு வருடமாகக் கழகம் இரவல் கொடுத்த சாமான்களோடு ஆடினாள். இந்த வருடம் கால் வளர்ந்துவிட்டது. இனிச் சொந்தமாக வாங்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். அவளுடைய பிறந்தநாளொன்றில், விலை என்னவென்று தெரியாமல், நான் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். வங்கிக் கவுண்டரில் நாள் முழுக்கப் பிறர் காசை எண்ணுகிறவனுக்குத் தன் காசைப் பற்றிய பிரக்ஞை இவ்வளவுதான்.

அக்கா ஆட்டம் பார்க்க உள்ளே வருவதில்லை. கார் நிறுத்துமிடத்தில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரே ஒரு முறை உள்ளே வந்தவள் பாதியில் எழுந்து போய்விட்டாள். "மற்றப் பிள்ளையள் எல்லாம் அதுக்குப் பின்னால ஓடுதுகள். இவள் மட்டும் ஏன் தம்பி அதுக்கு முன்னால போய் நிக்கிறாள்?" என்று அன்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. எவற்றுக்கு முன்னால் நிற்காமல் ஓடி நாங்கள் இங்கே வந்து சேர்ந்தோம் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஆட்டம் பழக்கமில்லாத நண்பர்களுக்காகச் சில ஸ்தூலமான விபரங்கள். கோல் ஆறடி அகலம், நாலடி உயரம். பக் என்பது கெட்டி ரப்பர் வட்டு. மூன்று அங்குல விட்டம், ஒரு அங்குலத் தடிப்பு, ஏறத்தாழ ஆறு அவுன்ஸ் எடை. துள்ளக்கூடாது என்பதற்காகப் பெரிய ஆட்டங்களுக்கு அதை உறையவைத்துக் கொண்டுவருவார்கள். இதற்கு முன்னால் நிற்கிறவளுக்குக் காலில், சறுக்குச் சப்பாத்திலிருந்து முழங்காலுக்கு மேல் வரை, பாட்ஸ். நெஞ்சுக்கும் தோளுக்கும் ஒரு கவசம். முகத்துக்கு முகமூடி. கைகள் இரண்டும் ஒன்றுபோல் இல்லை; எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்தது இதுதான். மட்டை பிடிக்கும் வலக் கையின் புறத்தில் தட்டையான பலகை போன்ற ஒன்று, பிளொக்கர் என்பார்கள். இடக் கையில் அகன்ற வாயும் வலைப் பையும் கொண்ட தோல் கிளவுஸ். வலக் கை தட்டிவிடுவதற்கு. இடக் கை பிடிப்பதற்கு. (இடக்கைக்காரர்களுக்கு இது மாறி வரும்.)

பாடசாலை நாட்களில் நான் இரண்டாம் தர அணியின் விக்கெட் காப்பாளன். அதனால் இந்தச் சாமான்களின் பூர்வீகத்தைப் படித்தபோது ஓர் உறவு கிடைத்ததுபோல இருந்தது. 1896 பெப்ரவரியில் மொன்றியலில் நடந்த ஸ்டான்லி கிண்ண ஆட்டத்தில், வின்னிபெக் விக்டோரியாஸ் அணியின் கோல்கீப்பர் மெரிற் வெள்ளைக் கிரிக்கெட் பாட்ஸ் கட்டிக்கொண்டு வந்து நின்றார். வின்னிபெக் 2-0 என்று வென்றது. அதன் பிறகு கிரிக்கெட் பாட்ஸ் ஐஸில் நிரந்தரமாகிவிட்டது. ஆனால் கிரிக்கெட் பாட்ஸ் துடுப்பாட்டக்காரனின் முழங்காலுக்குக் கீழே அடிபடாமல் காப்பதற்கென்று செய்யப்பட்டது. அதன் முகப்பு வளைவானது. பட்ட பந்து எங்கே போகிறது என்பது அதன் கவலை இல்லை. ஐஸிலோ, பட்ட பக் எங்கே போகிறது என்பதுதான் முழுக் கவலையும். ஹமில்டனில் குதிரைச் சேணம் தைத்துக்கொண்டிருந்த எமில் கெனெஸ்கி என்பவர் இதைக் கண்டு, பாட்ஸை அகலமாக்கி, முகப்பைத் தட்டையாக்கி, தோலுக்குள் மயிரும் பஞ்சும் அடைத்துத் தைத்துக் கொடுத்தார். பல பத்தாண்டுகளுக்குப் பெரிய அணிகளின் கோல்கீப்பர்கள் அவர் தைத்ததையே கட்டினார்கள். ஆட்டம் முடிவதற்குள் அது தண்ணீர் குடித்துப் பாரமாகிவிடும். 1980களில் செயற்கை நுரையும் செயற்கைத் தோலும் வந்து அந்தப் பாரத்தை இல்லாமல் செய்தன.

பாரம் குறைந்ததும் உருவம் பெருத்தது. பாட்ஸின் அகலத்துக்கு நெடுங்காலம் பத்து அங்குலம் என்றிருந்த எல்லையை வட அமெரிக்காவின் தேசிய லீக் 1989இல் பன்னிரண்டாக்கியது. 2005இல் பதினொன்றாகக் குறைத்தது. பிடிக்கிற கிளவுஸின் சுற்றளவுக்கும் அப்போது எல்லை இறுகியது: நாற்பத்தைந்து அங்குலம். பாட்ஸின் உயரம் அவரவர் கால் எலும்பின் அளவுக்கு ஏற்பவே இருக்க வேண்டும் என்றும் பின்னர் விதி வந்தது. 2018இல் நெஞ்சுக் கவசத்தையும் உடலோடு ஒட்டும்படி சிறிதாக்கினார்கள். சிலர் உடம்பு கன்றிப்போகிறது என்று முறையிட்டார்கள். அந்த முறைப்பாடு உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த விதிக்குப் பின்னாலிருந்த கேள்வி நியாயமானது: நீ அணிந்திருப்பதில் எவ்வளவு உன் உடம்பைக் காக்க, எவ்வளவு கோலை மறைக்க? காப்பு வேறு, மறைப்பு வேறு. ஒரே துணியில், ஒரே நுரையில், ஒரே தையலில் இரண்டும் இருப்பதால் பார்க்கிறவனுக்கு வேறுபாடு தெரிவதில்லை. அணிந்திருக்கிறவனுக்குத் தெரியும்.

இதைச் சொல்லும்போது முகமூடியின் கதையையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏதோ வெற்றுடம்பின் வீரத்தைப் பாடுவதாக ஆகிவிடும். 1959 நவம்பர் 1ஆம் திகதி நியூயோர்க்கில், அன்டி பாத்கேற் அடித்த பக் மொன்றியல் கோல்கீப்பர் ஜாக் பிளான்ரின் முகத்தைக் கிழித்தது. பிளான்ர் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது முகமூடியோடு வந்தார். பயிற்சிகளில் அவர் அதை முன்பே அணிந்துவந்தார். ஆட்டத்தில் அணியப் பயிற்றுநர் இணங்கவில்லை. முகத்தை மறைக்கிறவன் பயந்தவன் என்பது அந்தக் காலத்து எண்ணம். தேசிய லீக்கில் முகமூடியில்லாமல் கடைசியாக ஒருவர் நின்றது 1974இல். ஆக, பதினைந்து வருடம் பிடித்திருக்கிறது ஒரு எளிய விடயம் விளங்க: முகம் காக்கப்பட்டவனால்தான் கண்ணை மூடாமல் பக்கைப் பார்க்க முடியும். பார்க்க உதவுகிற கவசம் ஒன்று; பார்க்கவேண்டிய தேவையையே இல்லாமலாக்குகிற கவசம் இன்னொன்று.

கடைக்கு ஒரு சனிக்கிழமை போனோம். அக்கா வரவில்லை, தொலைபேசியில் இருந்தாள். அவளுடைய கட்டளை சுருக்கமானது: "பெரிசா எடு தம்பி. மொத்தமா எடு. காசைப் பாக்காதை." மருமகளுக்கு வெள்ளை வேண்டும், வெள்ளைப் பாட்ஸ் கட்டினால் அடிக்கிறவன் கண்ணுக்குக் கோல்கீப்பர் பெரிதாகத் தெரிவாள் என்பது அவர்களிடையே உள்ள நம்பிக்கை. எனக்கு விலை வேண்டும். மூன்று பேரும் மூன்று ரஸனைக் கோட்பாட்டோடு உள்ளே நுழைந்தோம்.

கடைக்காரர் ஐம்பது தாண்டியவர். இளமையில் கோல்கீப்பராக இருந்தவர் என்பது அவர் குனிந்து நிமிரும்போது முழங்கால் போட்ட சத்தத்தில் தெரிந்தது. எந்த நிறுவனம், என்ன விலை என்று எதுவும் கேட்கவில்லை. அவளைச் சப்பாத்தோடு உட்காரவைத்து, கணுக்கால் மடிப்பிலிருந்து முழங்கால் சில்லின் நடு வரை நாடாவால் அளந்தார். பாட்ஸ் அளவு என்பது இருபத்தெட்டு, முப்பது என்று அங்குலத்தில் வரும் உயரம் என்று நான் நினைத்திருந்தேன். முழங்கால் எங்கே இருக்கிறது என்பதுதான் அளவு, மிச்சமெல்லாம் அதற்கு மேலும் கீழும் என்று சொன்னார்.

முதலில் அக்காவுக்காக, வளருகிற பிள்ளை என்ற சாட்டையும் சொல்லி, இரண்டு அங்குலம் பெரியதைக் கேட்டேன். மறுக்காமல் கட்டிவிட்டு, கீழே விழச் சொன்னார். இன்றைய கோல்கீப்பர்கள் நின்று தடுப்பதைவிட, முழங்கால்களைச் சேர்த்து விழுந்து, பாதங்களை இரு பக்கமும் விரித்துத் தடுப்பதே அதிகம். பாட்ஸ் அப்போது சுழன்று, முகப்பு அடிக்கிறவனைப் பார்க்க, உள்விளிம்பு ஐஸில் படிய வேண்டும். அதற்காகக் காலில் இறுக்கிக் கட்டாமல் கொஞ்சம் தளர்வாகவே கட்டுகிறார்கள். அவள் விழுந்தாள். நின்றபோது சுவர்போல இருந்தது, விழுந்தபோது ஒன்றோடொன்று முட்டிக் கோணியது. முழங்கால் அதற்கென்று வைத்த மெத்தையில் இறங்காமல் தள்ளி இறங்கியது. கால்களுக்கு நடுவே, எது மூடவேண்டுமோ அது திறந்து கிடந்தது. எழும்பவும் நேரமெடுத்தது. "மாமா, இதுக்குள்ள என்ர கால் எங்கை எண்டு எனக்குத் தெரியேல்லை" என்றாள்.

அந்த வாக்கியத்தை நான் அன்றிரவு குறித்துவைத்தேன்.

பிறகு அவள் அளவில் இரண்டு சோடி. ஒன்று விறைப்பானது, மடிப்பில்லாதது. அடிபட்ட பக் அதிலிருந்து வேகமாக, தூரமாகத் தெறிக்கும். மற்றது மெத்தென்றது, முழங்காலுக்கு மேலும் கீழும் மடிப்புண்டு, காலோடு வளையும், பக் காலடியில் விழும். எது நல்லது என்று கேட்டேன். வங்கியில் என்னிடம் வைப்புத் திட்டங்களை ஒப்பிட்டுக் கேட்கிறவர்களின் குரல் அப்போது எனக்கே என்னிடம் கேட்டது. அவர் தலையை ஆட்டினார். தூரமாகத் தெறித்தால் பக்கத்தில் காத்திருப்பவனுக்குக் கிடைக்காது. ஆனால் எட்ட நிற்கிற எதிரிக்குப் போய்ச் சேரலாம், அதற்குள் நீ எழுந்து இடம் மாறியிருக்க வேண்டும். காலடியில் விழுந்தால் கிளவுஸால் மூடிவிடலாம். ஆனால் கை பிந்தினால் அடுத்தவன் தள்ளிவிடுவான். தடுப்பது இரண்டும் தடுக்கும். தடுத்த பிறகு உனக்கு என்ன செய்ய வருமோ அதற்கு ஏற்றதை எடு. இப்படியொரு விமர்சன வாக்கியத்தை நான் சமீபத்தில் எந்தப் பத்திரிகையிலும் வாசிக்கவில்லை.

கிளவுஸ் பக்கம் போனபோதுதான் என் கதை வருகிறது. புதிய கிளவுஸ் பலகைபோல இருக்கும். எங்கே மடிகிறது என்பதில் வகைகள் உண்டு. பெருவிரல் பக்கமாக மடிவது, உள்ளங்கையோடு மடிவது, இரண்டும் கலந்தது. எந்த வகையானாலும் வாரக்கணக்காக மடித்து மடித்துப் பழக்கினால்தான் பிள்ளைக் கைக்கு மூடும். புதியதில் என் கையையே விட்டுப் பார்த்தேன். முழுப் பலத்தோடும் பாதிதான் மூடியது. கடைக்காரர் இருபது டொலர் பெட்டியைப்போல ஒரு மூலையில் கிடந்த பெட்டிக்குள்ளிருந்து ஒரு பழைய கிளவுஸை எடுத்துத் தந்தார். வலைப் பை புதிதாகக் கோத்திருந்தது. உள்ளங்கைத் தோல் தேய்ந்தாலும் கிழியவில்லை. மணிக்கட்டின் உள்பக்கம் கறுப்பு மையில் யாரோ ஒரு பிள்ளையின் பெயர். கையை விட்டேன். நினைத்தவுடன் மூடியது.

ஏழு வருடத்துக்கு முன் என் நண்பன் ஒருவனின் முதல் கவிதைத் தொகுதி வந்தது. நான் அதைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதினேன். இந்த வட்டத்தில் சிலருக்கு அது ஞாபகமிருக்கலாம்; சிலர் பாராட்டவும் செய்தார்கள். ஆங்கிலத்தில் பி.ஏ. செய்த காலத்தில் படித்ததும், அதன் பிறகு பஸ்ஸில் இருந்து படித்ததுமான அத்தனை மேலைத்தேயப் பெயர்களையும் அதில் அடுக்கியிருந்தேன். கட்டுரை விறைப்பாக நின்றது. எதுவும் உள்ளே போகவில்லை. நண்பன் தொலைபேசியில் அழைத்து, கோபமில்லாமல் சொன்னான்: "நீ எழுதினது நல்லாத்தான் இருக்கு மச்சான். ஆனா என்ர புத்தகம் உன்னட்டை வந்து சேரேல்லை." அதற்குப் பிறகு அவன் ஒன்றும் வெளியிடவில்லை. அதற்கு என் கட்டுரைதான் காரணம் என்று நினைப்பது விமர்சகனின் அகந்தை. அவனுக்கு இரண்டு வேலை, மூன்று பிள்ளைகள். ஆனால் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. அந்தத் தொகுதியில், அப்பா இறந்த பிறகும் கதவடியில் சாத்தியிருக்கிற அவருடைய குடையைப் பற்றிய சிறிய கவிதை ஒன்று. இரவு இரண்டு மணிக்கு அதை வாசித்துவிட்டு நான் விளக்கை அணைக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் எட்டுப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பட்டது அது ஒன்றுதான், அதைத்தான் தட்டிவிட்டிருந்தேன். அதைச் சொல்ல என்னிடம் இரவல் சொல் இருக்கவில்லை, சொந்தச் சொல்லைத் தேட எனக்குப் பயம்.

தட்டிவிடுவது குற்றமில்லை. வலக் கையும் கைதான். எல்லாவற்றையும் பிடிக்க முடியாது, பிடிக்கத் தகுந்ததாக எல்லாம் வருவதும் இல்லை. என் தலைமுறை விமர்சகர்களில் பலரிடம் நான் காண்பது, முக்கியமாக என்னிடமே காண்பது, இரண்டு கையிலும் பிளொக்கரை மாட்டிக்கொண்டு நிற்பதைத்தான். விக்கெட் காப்பாளனாக எனக்கு முதலில் சொல்லித்தந்தது, பந்தைத் தேடிக் கையை நீட்டாதே, வருகிற பந்தோடு கை கொஞ்சம் பின்னால் போகட்டும் என்பதுதான். பின்னால் போகிற அந்த இரண்டு அங்குலத்தில்தான் பந்து கைக்குச் சொந்தமாகிறது. அந்த இரண்டு அங்குலத்தை விட்டுக்கொடுக்க நான் எழுத வந்த நாளிலிருந்து மறுத்துவந்திருக்கிறேன். படிமம் பற்றிய கட்டுரை இரண்டாம் பக்கத்தில் நின்றதன் காரணமும் அதுவே. அந்த இரண்டு பக்கத்துக்குள்ளே என் கால் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் எடுத்தது இதுதான். முகமூடியும் கழுத்துக் காப்பும் நெஞ்சுக் கவசமும் புதியவை. முகமூடியைப் பழையதாக வாங்கவே கூடாது என்று கடைக்காரர் கண்டிப்பாகச் சொன்னார். உள்ளே விழுந்த வெடிப்பு வெளியே தெரியாது. காசின் பெரும்பகுதி அங்கே போயிற்று. பாட்ஸ், மெத்தென்ற வகையில் ஒரு சோடி. ஒருவர் ஒரு வருடம் ஆடிவிட்டுக் கொண்டுவந்து கொடுத்தது, வெள்ளை முகப்பில் கறுப்புத் தழும்புகளோடு. வளர்ச்சிக்கென்று ஒரு அங்குலம் மட்டும் விட்டோம். பிளொக்கர், விலை குறைந்ததில் ஒன்று. கிளவுஸ், அந்தப் பழையது. அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். பெரிசா என்று கேட்டாள். அளவா என்றேன். முகம்? புதுசு. கழுத்து? புதுசு. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, கொண்டு வா" என்றாள்.

மை அழிக்கிற திரவம் வாங்கவா என்று மருமகளிடம் கேட்டேன். வேண்டாம் என்று சொல்லி, அந்தப் பிள்ளையின் பெயருக்குக் கீழே தன் பெயரைத் தமிழில் எழுதிக்கொண்டாள். ஒரு எழுத்துப் பிழை. திருத்த வாயெடுத்துவிட்டு விட்டுவிட்டேன்.

புதிய சாமான்களோடு முதல் ஆட்டம் போன ஞாயிற்றுக்கிழமை. ஐந்து கோல் வாங்கினாள். அதில் மூன்று, பாட்ஸில் பட்டுக் காலடியில் விழுந்து, கை பிந்திப் போனவை. இரண்டாம் பகுதியில் ஒன்று தோளுயரத்தில் இடப் பக்கமாக வந்தது. கை கொஞ்சம் பின்னால் போனதைப் பார்த்தேன். பிளொக்கரில் பட்டால் வருகிற சத்தம் வேறு. இது உள்ளே அடங்குகிற சத்தம். கோல்கீப்பர் பக்கைப் பிடித்து வைத்துக்கொண்டால் நடுவர் ஊதி ஆட்டத்தை நிறுத்துவார். தட்டிவிட்டால் ஆட்டம் தொடரும். அவள் பிடித்தபோது எல்லோரும் அப்படி அப்படியே நின்றார்கள். அந்த ஒரு கணம் அரங்கம் முழுவதும் அவள் கைக்குள் இருப்பதுபோல இருந்தது. நண்பனுக்கு ஏழு வருடம் பிந்தி ஒரு கடிதம் எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். அன்றிரவு எழுதினேன். குடையைப் பற்றி ஒன்றரைப் பக்கம், பெயர்கள் இல்லாமல். பதில் இன்னும் வரவில்லை. வரவேண்டும் என்றும் இல்லை.

ஆட்டம் முடிந்து காருக்கு வந்தோம். அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பின்னால் ஏறி, வியர்வையோடு சாய்ந்தாள். எத்தனை கோல் என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை.

"எத்தனை பட்டது?" என்றாள்.

பிள்ளை கிளவுஸைக் கழற்றாமல் கணக்குப் பார்த்தாள். ஆட்டக் குறிப்பேட்டில் தன் பெயருக்கு நேரே, தடுத்தவை என்ற இடத்தில் எழுதியிருந்த எண்ணைச் சொன்னாள்.

"இருபத்தொண்டு, அம்மா."